ஒளியால் அச்சிடும் நுண் செராமிக் பாகங்கள்: பொடியிலிருந்து சூளை வரை முழு வழிகாட்டி

சுட்ட அலுமினாவை (அலுமினியம் ஆக்சைடு செராமிக்) வைரக் கருவி இல்லாமல் வெட்டுவது மிகக் கடினம். அதில் 0.3 மி.மீ. துளை வேண்டும், அந்தத் துளை உள்ளே வளைந்து போகவும் வேண்டும் என்றால் வைரக் கருவியும் கைகொடுக்காது. வார்ப்பு அச்சு செய்யலாம்தான், ஆனால் பத்து பாகத்துக்காக ஓர் அச்சு வெட்டுவது கட்டுப்படியாகாது. இந்த மாதிரி இடத்தில்தான் ஒளி அச்சு உதவுகிறது. செராமிக் பொடி கலந்த ரெசின்மேல் ஒளியைப் பாய்ச்சி அடுக்கடுக்காக இறுக வைக்கிறோம். பிறகு ரெசினை எரித்து நீக்கி, மிஞ்சிய பொடியை உயர் வெப்பத்தில் சுட்டுக் கெட்டியாக்குகிறோம்.

இதற்கான அடிப்படைக் கணக்கை 1996-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மிஷெல் கிரிஃபித்தும் ஜான் ஹாலோரனும் எழுதினார்கள். 2011-ல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த லித்தோஸ் நிறுவனம் இதைத் தொழிற்சாலைத் தரத்துக்குக் கொண்டுவந்தது. விமான எஞ்சினின் டர்பைன் தகடுகளை வார்க்க உதவும் சிலிக்கா உள்ளச்சுகள், எலும்பில் வைக்கும் நுண்துளைத் தாங்கிகள், நுண் வேதி உலைகள் என்று இப்போது பல துறைகளில் இது புழங்குகிறது.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் பிரிண்டரைப் பற்றியே கேட்கிறார்கள். உண்மையில் அச்சு ஓடுவது சில மணி நேரம்தான், மற்ற நாட்கள் எல்லாம் ஸ்லரிக்கும் (பொடி கலந்த ரெசின் குழம்பு) சூளைக்கும் போகின்றன. கையில் பணம் குறைவு என்றால் பிரிண்டரில் மிச்சம் பிடியுங்கள். சூளையின் வெப்பக் கட்டுப்பாட்டில் மட்டும் பிடிக்காதீர்கள்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே பாகத்தை வைத்துக்கொள்வோம்: 10 மி.மீ. நீளம், 4 மி.மீ. வெளிவிட்டம், நடுவில் 0.3 மி.மீ. துளை உள்ள ஓர் அலுமினா முனைக்குழாய். சுட்டு முடித்தபின் எடை ஏறத்தாழ அரை கிராம் இருக்கும்.

முதலில் ஒளி என்ன செய்கிறது என்று பார்ப்போம்

வெறும் ரெசினில் ஒளி நேராக இறங்கும். பொடி கலந்தால் ஒவ்வொரு துகளும் ஒளியைச் சிதறடிக்கும். துகளின் ஒளிவிலகல் எண்ணும் ரெசினின் ஒளிவிலகல் எண்ணும் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ, அவ்வளவுக்குச் சிதறல் அதிகம். கிரிஃபித், ஹாலோரன் கணக்குப்படி ஒளி ஊடுருவும் ஆழம் இந்த வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும்.

எண்களில் பார்த்தால் இது பளிச்சென்று புரியும். அக்ரிலேட் ரெசினுக்கு ஒளிவிலகல் எண் சுமார் 1.47. சிலிக்காவுக்கு 1.46, கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் சிலிக்கா ஸ்லரியில் ஒளி தாராளமாக இறங்கும். அலுமினாவுக்கு 1.77, வித்தியாசம் 0.3. சிர்க்கோனியாவுக்கு சுமார் 2.2, வித்தியாசம் 0.7-ஐத் தாண்டும். 0.7-ஐ 0.3-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: மற்றவை எல்லாம் சமமாக இருந்தால், சிர்க்கோனியாவில் ஒளி அலுமினாவைவிட ஐந்து மடங்குக்கும் மேல் குறைவாகவே இறங்கும். சிலிக்கன் கார்பைடின் எண் இன்னும் அதிகம், போதாததற்கு அது ஒளியை உறிஞ்சவும் செய்கிறது. எனவே முதல் முயற்சியை அலுமினாவிலோ சிலிக்காவிலோ வையுங்கள்.

சிதறல் பக்கவாட்டிலும் நடக்கும் என்பதை மறக்கக் கூடாது. நீங்கள் வரைந்த கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் இறுகும். சுவர் தடிக்கும், துளை சிறுக்கும். நுண் பாகத்தில் இதுதான் பெரிய தலைவலி.

பொடி

அலுமினாவுக்கு 99.9 சதவீதத்துக்குக் குறையாத தூய்மை, சராசரித் துகள் அளவு அரை மைக்ரான் அளவில், இப்படிப்பட்ட பொடியைத் தேடுங்கள். இன்னும் நுண்ணிய பொடி நன்றாகச் சுடுபடும் என்பது உண்மை. ஆனால் அதன் மேற்பரப்பு மிக அதிகம், ரெசினை எல்லாம் குடித்துவிட்டு ஸ்லரி கெட்டியாகிவிடும். கரடான பொடியில் ஸ்லரி அழகாக ஓடும், சூளையில் அடர்த்தி வராது. அரை மைக்ரான் என்பது இரண்டுக்கும் நடுவில் ஒத்துவரும் இடம்.

பொடியை 120 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க உலர்த்துங்கள். துகள்மேல் ஒட்டியிருக்கும் ஈரம் பொடி பரவுவதைக் கெடுக்கும். மழைக்காலத்தில் இந்தப் படியைத் தவிர்த்தால் அதே செய்முறையில் வேறு ஸ்லரி கிடைக்கும்.

ஸ்லரி

இலக்கு: கனஅளவில் 50 சதவீதம் பொடி. 100 மி.லி. ஸ்லரிக்கு அலுமினா 50 மி.லி., அதன் அடர்த்தி மி.லி.க்கு 3.98 கிராம், அதாவது 50 × 3.98 = 199 கிராம். மீதி 50 மி.லி. கரிமப் பொருள், சுமார் 51 கிராம். எடையில் பார்த்தால் கிட்டத்தட்ட 80 சதவீதம் பொடி. ஆய்வுக் கட்டுரைகளில் 80 சதவீதம் என்று பார்த்தால் அது எடையா கனஅளவா என்று கவனியுங்கள், சுருக்கக் கணக்கு முழுக்க கனஅளவை நம்பித்தான் நிற்கிறது.

கரிமப் பகுதியின் அடிப்படை எச்டிடிஏ என்ற இருமுனை அக்ரிலேட். தண்ணீர் மாதிரி ஓடும், நன்றாக இறுகும். அதோடு கொஞ்சம் டிஎம்பிடிஏ போன்ற மும்முனை அக்ரிலேட் சேர்த்தால் பச்சைப் பாகம் (அச்சிட்டு இன்னும் சுடாத பாகம்) உறுதியாக இருக்கும். நிறையச் சேர்த்தால் இறுகும்போதே உள்ளுக்குள் இழுவிசை ஏறி, பின்னால் விரிசலாக வெளிப்படும்.

துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க பரப்பி வேண்டும். பாஸ்பேட் எஸ்டர் வகை அலுமினாவோடு நன்றாக ஒத்துப்போகும். பொடியின் எடையில் 2 சதவீதத்தில் தொடங்கி, பாகுநிலை மிகக் குறையும் அளவைக் கண்டுபிடியுங்கள். அதற்கு மேல் போட்டால் பாகுநிலை திரும்ப ஏறும். பரப்பியின் கனஅளவும் அந்த 50 மி.லி.-க்குள்தான் அடங்க வேண்டும்.

ஒளி பட்டதும் ரெசின் இறுகுவதைத் தொடங்கிவைப்பது ஒளி தூண்டி. அதை பிரிண்டரின் அலைநீளத்துக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். 385, 405 நானோமீட்டர் இரண்டுக்கும் டிபிஓ, பிஏபிஓ இரண்டுமே வேலை செய்யும். அக்ரிலேட் எடையில் 1 சதவீதம் போதும். டிபிஓ இனப்பெருக்க நலனைப் பாதிக்கும் பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தி, 2025 செப்டம்பரிலிருந்து நகப் பூச்சு போன்ற அழகுப் பொருட்களில் தடை செய்திருக்கிறது. அக்ரிலேட்டுகள் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு எப்போதும் அந்த வேலையே ஆகாது. நைட்ரைல் கையுறை, பொடியைக் கையாளும்போது முகக்கவசம், காற்றோட்டம் மூன்றும் கட்டாயம்.

கலக்கும் வரிசை முக்கியம். முதலில் பரப்பியை அக்ரிலேட்டில் கரையுங்கள். பொடியை மூன்று நான்கு தவணையாகச் சேருங்கள், ஒரே அடியில் கொட்டினால் கட்டி பிடித்துவிடும். பிறகு உருளை ஆலையில் இரவு முழுக்க அரையுங்கள். அலுமினாவுக்கு அலுமினா உருண்டைகளே நல்லது, தேய்ந்தாலும் அதே பொருள்தான் கலக்கும். ஒளி தூண்டியைக் கடைசியில், மஞ்சள் விளக்கில், குறைந்த நேரம் மட்டும் கலந்து சேருங்கள். ஆலையின் சூட்டில் அது முன்கூட்டியே வேலையைத் தொடங்கிவிட்டால் மொத்த ஸ்லரியும் வீண். கடைசியாக நுண்வலையில் வடிகட்டி, வெற்றிடத்தில் காற்றை நீக்குங்கள். இங்கே விட்ட ஒரு குமிழி சுட்ட பாகத்தில் ஒரு பொத்தலாக நிற்கும்.

பதம் எப்படி இருக்க வேண்டும்? கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் நன்றாகப் புளித்த தோசை மாவுபோலத் தயங்கித் தயங்கி, ஆனால் அறுபடாமல் வழிய வேண்டும். கருவி இருந்தால், நொடிக்கு 30 என்ற நறுக்கு வேகத்தில் (திரவ அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் வேகம்) பாகுநிலை 3 பாஸ்கல்-நொடிக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி ஒரு நாள் இருட்டில் வையுங்கள். மேலே தெளிந்த அடுக்கு தெரிந்தால் பொடி படிகிறது என்று அர்த்தம், பரப்பியைத் திரும்பப் பாருங்கள்.

இறுகும் ஆழத்தை அளப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு சூளையைக் குறை சொல்கிறார்கள். விதி எளியது:

இறுகும் ஆழம் = ஊடுருவும் ஆழம் × இயல் மடக்கை (கொடுத்த ஆற்றல் ÷ இறுகத் தொடங்கும் ஆற்றல்)

ஒரு கண்ணாடித் தகட்டில் ஸ்லரியைத் தடிமனாக ஊற்றி, பிரிண்டரின் ஒளியால் கீழிருந்து சிறு சதுரங்களைக் காட்டுங்கள். ஒளியின் வலிமை சதுர செ.மீ.க்கு 20 மில்லிவாட் என்றால், 2.5 நொடி காட்டினால் 50 மில்லிஜூல், 5 நொடிக்கு 100, 10 நொடிக்கு 200. இறுகாததைத் துடைத்து எடுத்துவிட்டு, ஒட்டியிருக்கும் சில்லுகளின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளங்கள். அழுத்தாமல் அளக்க வேண்டும், பச்சைச் சில்லு மென்மையானது.

ஆற்றலை இரட்டிப்பாக்கும்போதெல்லாம் தடிமன் ஒரே அளவு கூடிக்கொண்டு போகும். அது 42 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 2-இன் இயல் மடக்கை 0.693, எனவே ஊடுருவும் ஆழம் 42 ÷ 0.693 = சுமார் 61 மைக்ரான். கூடும் அளவு ஒரே சீராக இல்லை என்றால் ஸ்லரியிலோ ஒளியின் சீரிலோ கோளாறு இருக்கிறது.

25 மைக்ரான் அடுக்குக்கு 25 மைக்ரான் ஆழம் இறுகினால் போதாது. அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று ஊன்றிப் பிடிக்க வேண்டும். 60 முதல் 80 மைக்ரானில் தொடங்கலாம். ஆழத்தைக் கூட்டினால் பிடிப்பு நன்றாகும், ஆனால் பக்கவாட்டுச் சிதறலும் கூடித் துளை அடையும். இந்த இழுபறியில் பிடிப்புக்கே முதலிடம் கொடுங்கள். சிறுத்த துளையைக் கணினி வடிவக் கோப்பில் பெரிதாக வரைந்து சரிசெய்துவிடலாம், அடுக்கு பிரிந்த பாகத்தை எதனாலும் சரிசெய்ய முடியாது.

வடிவக் கோப்பைத் தயார் செய்வது

பொடி 50 சதவீதம் இருந்து, சுட்டபின் அடர்த்தி 99 சதவீதம் வரும் என்றால், நீளச் சுருக்கம் இப்படி வரும்: 0.50-ஐ 0.99-ஆல் வகுத்தால் 0.505, அதன் கனமூலம் 0.796. அதாவது 20.4 சதவீதம் சுருங்கும். பொடி 45 சதவீதமானால் 23.1, 40 சதவீதமானால் 26.1. பொடி குறையக் குறையச் சுருக்கமும் கோணலும் ஏறும் என்பதை இந்த மூன்று எண்களே சொல்லும்.

நம் முனைக்குழாயை 1 ÷ 0.796 = 1.256 மடங்கு பெரிதாக்க வேண்டும். நீளம் 12.56 மி.மீ., வெளிவிட்டம் 5.02 மி.மீ., துளை 377 மைக்ரான். பிரிண்டரின் பிக்சல் 40 மைக்ரான் என்றால் துளையின் குறுக்கே ஒன்பது பிக்சல்தான் இருக்கிறது. ஆனால் அந்த 40 மைக்ரான் பிக்சலே சுட்டபின் 32 மைக்ரானாகிவிடும். சுருக்கம் இங்கே நமக்குச் சாதகம்.

சிதறலுக்கும் ஈடு கொடுக்க வேண்டும். பல அளவில் துளைகளும் சுவர்களும் உள்ள ஒரு சோதனைத் தகட்டை அச்சிட்டு, நுண்ணோக்கியில் அளந்து, ஒரு பக்கத்துக்கு எத்தனை மைக்ரான் தடிக்கிறது என்று பாருங்கள். 30 மைக்ரான் என்றால் துளையை 377 + 60 = 437 மைக்ரானாக வரைய வேண்டும்.

துளையை எந்தத் திசையில் வைப்பது என்பது அடுத்த கேள்வி. படுக்க வைத்தால், துளையின் விளிம்பில் வரும் புதிய அடுக்குக்குக் காட்டும் ஒளி ஊடுருவி, துளைக்குள் இருக்கும் ஸ்லரியையும் இறுக வைக்கும். வட்டம் நசுங்கிப்போகும். நிறுத்தி வைத்தால் ஒவ்வோர் அடுக்கிலும் அதே வட்டம், நசுங்காது. எனவே குழாயை நிமிர்த்தி அச்சிடுங்கள். 12.56 மி.மீ.க்கு 25 மைக்ரான் அடுக்கு என்றால் சுமார் 502 அடுக்குகள். ஓர் அடுக்குக்கு 30 நொடி என்றால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

அச்சு

செராமிக்குக்கென்றே செய்த இயந்திரங்களில் தொட்டி சுழலும், ஒரு பட்டை ஒவ்வொரு முறையும் புது ஸ்லரியை மெல்லிய படலமாகப் பரப்பும். மேசைமேல் வைக்கும் சாதாரண ரெசின் பிரிண்டரில் இந்த வசதி இல்லை. ஸ்லரி தானாக ஓடி வந்து பள்ளத்தை நிரப்ப வேண்டும், 50 சதவீத ஸ்லரி அவ்வளவு சீக்கிரம் ஓடாது. சாதாரண பிரிண்டரில் கற்றுக்கொள்ள விரும்பினால் 40 சதவீத ஸ்லரியும், தட்டு மெதுவாக உயர்ந்து இறங்கும் அமைப்பும், ஒவ்வோர் அடுக்குக்கும் சில நொடி காத்திருப்பும் வையுங்கள்.

முதல் சில அடுக்குகளுக்குத் தட்டோடு ஒட்டிக்கொள்ள அதிக ஒளி காட்டுவோம், அங்கே அடி அகலும். நம் குழாயின் அடியில் துளை அடைபடாமல் இருக்க, அரை மி.மீ. உயரத்துக்கு ஓர் அடித்தளத்தை அச்சிட்டு, அதன்மேல் சிறு தாங்கிகளில் குழாயைத் தொடங்கலாம். துளையின் வாய் திறந்திருக்கும், கழுவவும் வசதி.

கழுவுதல்

இந்த வேலையில் நிதானம் மிகவும் தேவைப்படும் இடம் இது. துளைக்குள் இறுகாத ஸ்லரி நிற்கும். அதை அப்படியே விட்டால் அறை வெளிச்சமே அதை இறுக வைத்துவிடும். ஆகவே மஞ்சள் விளக்கிலேயே வேலை செய்யுங்கள். எச்டிடிஏ போன்ற அதே அக்ரிலேட்டையோ இயந்திரத்தோடு வரும் கழுவு திரவத்தையோ நுண் ஊசி வழியாகத் துளைக்குள் மெதுவாகச் செலுத்தி, பிறகு எண்ணெய் இல்லாத காற்றை மென்மையாக ஊதுங்கள். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். குழாயை விளக்குக்கு நேராகப் பிடித்து நுண்ணோக்கியில் பார்த்தால், மறுமுனை வட்டமாக ஒளிர வேண்டும். அரைவட்டமாகத் தெரிந்தால் ஒரு பக்கச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறப்போடும் பழக்கம் சாதாரண ரெசின் பிரிண்டிங்கிலிருந்து வருகிறது. இங்கே அது ஆகாது. ஆல்கஹால் அடுக்குகளுக்கிடையே புகுந்து உப்ப வைக்கும், உலரும்போது மயிரிழை விரிசல் விழும். தொட்டு எடுப்பதோடு நிறுத்துங்கள்.

ரெசினை எரித்து நீக்குதல்

பச்சைப் பாகத்தின் பாதிக் கனஅளவு கரிமப் பொருள். அது முழுவதும் வாயுவாகி, அரை மைக்ரான் துகள்களின் இடுக்கு வழியாக வெளியேற வேண்டும். வாயு பிறக்கும் வேகம் வெளியேறும் வேகத்தைத் தாண்டினால் பாகம் உப்பும், அடுக்கு அடுக்காகப் பிளக்கும். அக்ரிலேட்டின் பெரும்பகுதி 300 முதல் 450 டிகிரிக்குள் சிதையும். எடை குறைவதை வெப்பநிலையோடு வரைந்து காட்டும் டிஜிஏ சோதனையை உங்கள் ஸ்லரிக்கே செய்து பார்த்து, எடை சரசரவென்று விழும் இடங்களில் சூளையை நிறுத்தி வையுங்கள்.

தொடக்கத்துக்கு ஒரு திட்டம்: 100 டிகிரி வரை நிமிடத்துக்கு 1 டிகிரி. 100-லிருந்து 500 வரை நிமிடத்துக்கு 0.2 டிகிரி, நடுவில் 200, 350, 430 டிகிரிகளில் இரண்டு இரண்டு மணி நேர நிறுத்தம். 400 ÷ 0.2 = 2000 நிமிடம், அதாவது ஏற்றத்துக்கு மட்டும் 33 மணி நேரத்துக்கும் மேல். பச்சை நிலையில் நம் குழாயின் சுவர் சுமார் 2.3 மி.மீ.தான் என்பதால் இது போதும். சுவர் 5 மி.மீ.யை நெருங்கினால் இதே திட்டம் பெரும்பாலும் தோற்கும். கெட்டியான பகுதிகளை உள்ளீடற்றதாகவோ வலைப்பின்னலாகவோ மாற்றி வடிவமைப்பதே நல்ல வழி.

நைட்ரஜனிலோ வெற்றிடத்திலோ முதல் கட்டத்தைச் செய்தால் ரெசின் சிதைவது நிதானமாக நடக்கும். அதன்பின் காற்றில் ஒருமுறை சூடாக்கி எஞ்சிய கரியை எரிக்க வேண்டும். புகை நச்சு, சூளைக்குப் புகைபோக்கி இல்லாமல் தொடங்காதீர்கள்.

500 டிகிரியில் நிறுத்தி எடுத்தால் பாகம் தொட்டாலே உதிரும். 1000 டிகிரி வரை கொண்டுபோய் லேசாகச் சுட்டுவிடுங்கள். சாக்பீஸ் உறுதி வந்துவிடும், தாங்கிகளையும் இந்த நிலையில் எளிதாகத் தேய்த்து எடுக்கலாம்.

சுடுதல்

அலுமினாவுக்கு நிமிடத்துக்கு 3 முதல் 5 டிகிரி வேகத்தில் 1600 வரை ஏற்றி, இரண்டு மணி நேரம் பிடித்து, அதே வேகத்தில் இறக்குங்கள். பாகத்தின் கீழே அலுமினாத் தட்டும், அதன்மேல் கரடான அலுமினாப் பொடி மெல்லிய படலமாகவும் இருக்கட்டும். ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் பாகம் நகர இடம் வேண்டும். தட்டில் ஒட்டிக்கொண்டால் அடிப்பக்கம் விரிந்தே நிற்கும்.

நேரத்தை நீட்டினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகாது. ஒரு கட்டத்துக்குப் பிறகு படிகங்கள் பெருத்து, பொத்தல்களை உள்ளேயே சிறைபிடிக்கும், பலமும் குறையும். மிகச் சிறிதளவு மக்னீசியா சேர்த்தால் இந்தப் பெருக்கம் அடங்கும் என்பதை 1950களின் இறுதியில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் கோபிள் காட்டினார். கடையில் கிடைக்கும் பல அலுமினாப் பொடிகளில் இது ஏற்கெனவே கலந்திருக்கும், வாங்குமுன் பாருங்கள்.

அளந்து திருத்துதல்

அடர்த்தியை ஆர்க்கிமிடிஸ் முறையில் அளப்போம். அலுமினாவின் முழு அடர்த்தி 3.98, எனவே 3.94 வந்தால் 99 சதவீதம். நுண் பாகத்தில் ஒரு சிக்கல் உண்டு. அரை கிராம் குழாய் வெளியேற்றும் நீர் 0.126 கிராம்தான். தராசில் ஒரு மில்லிகிராம் பிசகினால், அல்லது துளைக்குள் ஒரு குமிழி நின்றால், விடையில் 0.8 சதவீதம் போய்விடும். நாம் தேடுவதே அந்த ஒரு சதவீதத்தைத்தான். பத்துக் குழாய்களைச் சேர்த்து ஒன்றாக எடை போடுங்கள், நீரில் வைத்து வெற்றிடத்தில் குமிழிகளை நீக்கிய பிறகு.

விரிசலைக் கண்டுபிடிக்க மை போதும். நன்றாகச் சுட்ட அலுமினா மையை உறிஞ்சாது, விரிசல் உறிஞ்சும். நனைத்துத் துடைத்தால் கோடு தெரியும். திரும்பச் சூளையில் வைத்தால் மை எரிந்துவிடும். கோடு அடுக்குகளுக்கு இணையாக ஓடினால், இறுகும் ஆழம் போதவில்லை, அல்லது கழுவும்போது உப்பியது, அல்லது எரிப்பு வேகம் அதிகம். எது என்று அறிய, அதே தொகுதியில் ஒரு பச்சைப் பாகத்தையும் நுண்ணோக்கியில் பாருங்கள். அதிலேயே கோடு இருந்தால் சூளையின் மேல் பழி இல்லை.

பிறகு நீளம், அகலம், உயரம் மூன்றையும் தனித்தனியாக அளங்கள். உயரத் திசையில் சுருக்கம் பெரும்பாலும் சற்று அதிகமாக இருக்கும். அச்சிட்ட 12.56 மி.மீ. சுட்டபின் 9.80 மி.மீ. ஆனது என்றால், அந்தத் திசைக்கு 12.56 ÷ 9.80 = 1.282 என்று புதுப் பெருக்கத்தைப் போடுங்கள். பொடியின் தொகுதி மாறினால் இந்த எண்களும் மாறும், ஒவ்வொரு புதுப் பைக்கும் ஒரு சோதனைக் கட்டி அச்சிடுங்கள்.

வேறு பொருள், இன்னும் சிறிய அளவு

சிர்க்கோனியாவுக்குப் போகும்போது ஒளி நேரம் கூடும், சுடும் வெப்பநிலை 1450–1500 டிகிரியாகக் குறையும். முழு அடர்த்தி 6.05 என்பதால் பொடி சீக்கிரம் படியும், ஸ்லரியை நாளுக்கு நாள் கலக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

சிலிக்கன் கார்பைடு போன்ற கருமையான பொருட்களுக்குப் பொடியையே விட்டுவிடும் வழி ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவின் மாலிபுவில் உள்ள எச்ஆர்எல் ஆய்வகம் 2016-ல், சிலிக்கன் அடங்கிய ரெசினையே ஒளியால் இறுக வைத்து, 1000 டிகிரியில் வாயுக் காப்பில் சுட்டு, சிலிக்கன் ஆக்சிகார்பைடாக மாற்றிக் காட்டியது. துகள் இல்லாததால் ஒளிச்சிதறல் இல்லை. சுருக்கம் மட்டும் 30 சதவீத அளவில் வரும், வாயு வெளியேற வேண்டியிருப்பதால் சுவரும் மெல்லியதாகவே இருக்க வேண்டும்.

ஒரு மைக்ரானுக்குக் கீழே போக வேண்டுமானால் அரை மைக்ரான் பொடிக்கு அங்கே இடமே இல்லை. அந்த அளவில், குவியும் புள்ளியில் மட்டும் ரெசினை இறுக வைக்கும் இரு ஃபோட்டான் லேசர்தான் கருவி. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் (கால்டெக்) ஜூலியா கிரியர் குழு 2014-ல் அப்படித்தான் செய்தது: லேசரால் பாலிமர் வலைப்பின்னலை எழுதி, அதன்மேல் அணு அடுக்குப் படிவு முறையில் அலுமினாவைப் பூசி, உள்ளே இருந்த பாலிமரை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் நீக்கினார்கள். மிஞ்சிய உள்ளீடற்ற அலுமினாக் குழல்களின் சுவர் 5 முதல் 60 நானோமீட்டர். சுவர் போதிய அளவு மெல்லியதாக இருந்த வலைகள், பாதி உயரத்துக்கு நசுக்கிய பிறகும் உடையாமல் பெருமளவு பழைய உயரத்துக்குத் திரும்பின.